விற்பனைக்கு இல்லாத தொட்டி

அத்தியாயம் 19

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டி, நாகலூர் பஸ் திரும்புகிற ரோட்டில் ஒரு பச்சைப் போர்டு. அதற்குக் கீழே மிளகும் காப்பித்தூளும் ஏலக்காயும் தைல பாட்டில்களுமாக உட்கார்ந்திருக்கும் செல்வமேரியிடம் இதுவரை யாரும் அவள் சொன்ன விலைக்குச் சரக்கு வாங்கியதில்லை. அவளும் நினைத்த விலைக்குக் கீழே கொடுத்ததில்லை. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் கிடக்கிற சந்தில்தான் அந்தக் குடும்பம் இத்தனை வருஷமாகச் சாப்பிட்டு வருகிறது.

அவள் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், புளி மண்டிக்காரர் வீட்டில். தொட்டிலில் கிடக்கும்போதே பேரம் கேட்டு வளர்ந்தவள். ஆளைப் பார்த்தால் போதும், எதை வாங்க வந்தான், எதைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவாள். கடைக்கு வருகிறவர்களை மட்டும் அல்ல, வீட்டில் இருப்பவர்களையும் அப்படித்தான் பார்த்தாள்.

மகன் மேக்ஸ்வெல்லுக்கு ஓசூர் கம்பெனியிலிருந்து வேலை வந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் அதைச் சொன்னதும், யோசித்துச் சொல்வதாகப் பதில் கொடுத்திருப்பதாகச் சொன்னதும், அதைக் கேட்டு மருமகள் ஆன்மேரி ஒரு வார்த்தை பேசாமல் ரசம் ஊற்றிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். செல்வமேரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தி இந்த வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆனால் அதே வாரத்தில் ஆன்மேரி, சேலத்திலிருந்து ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, கடையின் உள்மூலையில் ஸ்டாண்டு போட்டு வைத்தாள். மீன் வளர்க்கப் போகிறாளாம்.

செல்வமேரியின் புத்தி உடனே கூட்டிக் கழித்தது. ஊரைக் காலி பண்ணுகிறவள் கண்ணாடி வாங்க மாட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான், மருமகள் இல்லாத நேரம் பார்த்து, தொட்டிக்குள் குமிழி விடுகிற ஸ்பாஞ்சை வெளியே எடுத்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினாள். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்த ஸ்பாஞ்சில் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மீன் விடுவதற்கு முன்னால் நடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. புது ஸ்பாஞ்சு போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள் ஆன்மேரி. கோபப்படவில்லை. தொட்டிக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையில் அந்தத் துணியை விலக்கிப் பார்த்த செல்வமேரிக்குப் பகீரென்றது.

"ஏங்கண்ணு ஆனு, இங்க வா! தண்ணி என்ன டிகாக்சனாட்டம் ஆயிருச்சு? அழுகிப் போச்சா? ஊத்தீட்டு வேற புடிக்கட்டுமா?"

"அத்தை! கைய எடுங்க!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். நான் தொடவே இல்ல சாமி."

ஆன்மேரி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். தொட்டியைக் குனிந்து பார்த்தாள். சிரித்தாள்.

"அழுகலைங்க அத்தை. மாமா கொண்டாந்த காப்பிக் கட்டையில இருந்து சாயம் இறங்குது. மீனுக்கு அது நல்லதுங்க. தண்ணி மாத்த மாத்தத் தெளிஞ்சிரும்."

"சாயம் போற சரக்க நான் கஸ்டமர்கிட்டக் குடுத்தா ஒதைக்க வருவாங்க கண்ணு."

அந்தக் கட்டை பாக்கியநாதன் கொண்டுவந்தது. செல்வமேரியின் வீட்டுக்காரர், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பழைய காப்பிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த இடத்திலிருந்து, மான் கொம்பு மாதிரிக் கிளை விரித்த வேர்க்கட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்கட்டு டிரம்மில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீரில் மிதக்காமல் மூழ்குகிற பதம் வந்ததும் மருமகளிடம் கொடுத்தார்.

இப்போது அது தொட்டிக்கு நடுவில் நின்றது. அதன் கிளைகளில் கெட்டி இலைச் செடிகளை, வேரை மண்ணில் புதைக்காமல், தையல் நூலால் கட்டியிருந்தாள் ஆன்மேரி. அடியில் சலித்த தோட்டத்து மண், அதை மூடி ஆற்று மணல், மணலில் நாணல் மாதிரி நீண்ட செடிகள், கட்டையின் இடுக்கில் பாசி. இதற்குள் விரல்நகம் அளவுக்கு நாலைந்து நத்தைகளும், வெள்ளிக் கோடு போட்ட குட்டி மீன்கள் கொஞ்சமும். ஏற்காட்டுக் குளிரை ஹீட்டர் இல்லாமல் தாங்குகிற ஜாதி மீன் என்று தேடி வாங்கியிருந்தாள்.

"இத்தன பெரிய தொட்டிக்கு மீனு இவ்வளவுதானா? கடை காலியா இருக்கறாப்பல இருக்குது."

"மீனு கம்மி, செடி நெறைய, நம்ம கை உள்ள போறது நொம்ப நொம்பக் கம்மி. அதுதாங்க அத்தை இதோட சூட்சுமமே. மீனோட கழிவச் செடி தின்னுக்கும். மிச்சத்த நத்தை பாத்துக்கும். லைட்டு டைமர்ல தானா எரியும், தானா அணையும். கரண்டு போனாலும் பயமில்ல. வாரத்துக்கு ஒருக்காக் கொஞ்சம் தண்ணி மாத்துனாப் போதும்."

"சோறு?"

"ஒரு சிட்டிகை. அதும் ஒரு நாள் உட்டு ஒரு நாள்."

"பாவம்."

"ரெண்டு வாரம் ஊட்டுல ஆளே இல்லாட்டியும் அது பாட்டுக்கு இருக்கும்ங்க அத்தை!"

பெருமையாகச் சொல்லிவிட்டு ஆன்மேரி உள்ளே போய்விட்டாள். செல்வமேரி மட்டும் அந்த இடத்திலேயே நின்றாள்.

ஆளே இல்லாட்டியும்.

கடைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு குடும்பப் போட்டோ. அதில் ஓரத்தில் நிற்பவள் மகள் ஜோஸ்லின். எஸ்டேட்டில் பாக்கியநாதனிடம் பேர் பதிந்து கூலி வாங்கிய காளியண்ணனின் மகன் ராஜ்குமாரை அவள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்றைக்கு அவர் எழுந்து வெளியே போனார். அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு சேலத்துக்குப் போனதற்குப் பிறகு, இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. போட்டோவைக் கழற்றவும் இல்லை.

போவதற்கு முந்தைய மாதம் ஜோஸ்லின் ஒரு காரியம் செய்தாள். வாசலில் தான் ஆசை ஆசையாக வளர்த்த ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொட்டிகளில் கள்ளிச் செடி நட்டாள். "இதுக்குத் தண்ணி ஊத்தற வேலையே இல்லம்மா" என்றாள். மக்கு அம்மா, "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மிளகு புடைக்கப் போனாள்.

அந்தக் கள்ளி இப்போதும் வாசலில் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

கவனிக்க ஆள் வேண்டாத செடியை ஒருத்தி நட்டுவிட்டுப் போனாள். கவனிக்க ஆள் வேண்டாத மீனை இன்னொருத்தி விட்டிருக்கிறாள். செல்வமேரிக்கு நெஞ்சு அடைத்தது. தான் போட்ட கணக்கு அடியோடு தப்பு. போகப் போகிறவள்தான் இப்படித் தொட்டி வைப்பாள்.

அந்த நேரம் பார்த்து ஆன்மேரி நல்ல சுடிதார் போட்டு, பையில் எதையோ திணித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு வந்தாள்.

"எங்க கண்ணு இத்தன காலையில?"

"ஒரு வேலைங்க அத்தை. வந்து சொல்றேன்."

ஸ்கூட்டி பனிக்குள் போனது.

"ஏனுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள் செல்வமேரி. பாக்கியநாதன் காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "அவங்க ஓசூர் போறாங்கங்க. முடிவாயிருச்சு."

"யார் சொன்னா?"

"மீனு சொல்லுச்சு."

பாக்கியநாதன் மனைவியை ஒரு தடவையும் மீன்களை ஒரு தடவையும் பார்த்தார். டம்ளரோடு திரும்பிப் போய்விட்டார். சண்டையிலும் சமாதானத்திலும் அவர் தரப்பு அதுதான்.

*

பதினொரு மணி வாக்கில் சேலம் வண்டி ஒன்று கடை முன்னால் நின்றது. இறங்கிய பெண்மணி தன்னைப் பல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள். பெயர் சிவரஞ்சனி, அஞ்சு ரோட்டுப் பக்கம் கிளினிக். மிளகு வேண்டும்.

செல்வமேரி விலை சொன்னாள். டாக்டர் சரியாகப் பாதியில் ஆரம்பித்தாள். செல்வமேரி இறங்கினாள், டாக்டர் ஏறினாள். ஒரு இடத்தில் இருவரும் நின்றார்கள். "அப்ப வேண்டாங்க" என்று டாக்டர் படி இறங்கினாள். முதல் படி, அடுத்த படி. கடைசிப் படியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா நின்றாள்.

செல்வமேரிக்கு ஆச்சரியமாகப் போயிற்று. கடைசிப் படியில் கால் வைக்கும்போதுதான் அவள் கஸ்டமரைத் திரும்பக் கூப்பிடுவாள் என்பது வெளியாட்களுக்குத் தெரியாத தொழில் ரகசியம். இவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"சரி, வாங்க டாக்டரம்மா. உங்களுக்காக."

மிளகைப் பொட்டலம் கட்டும்போது டாக்டர் உள்மூலையைப் பார்த்துவிட்டாள். நேரே தொட்டியிடம் போய் நின்றாள். டீ நிறத் தண்ணீரில், கட்டையின் கிளைகளுக்கு ஊடாகக் குட்டி மீன்கள் கூட்டமாகத் திரும்பின. பனியில் சூரியன் அடித்த மாதிரி ஒரு தரம் மின்னின.

"ஐயோ, நம்ம சேர்வராயன் மலைக் காட்டையே உள்ள வெச்ச மாதிரி இருக்குங்களே! எங்க கிளினிக்லயும் ஒரு தொட்டி வெச்சோம். பல்லு புடுங்க வர்றவங்க பயந்துட்டு உக்காந்திருப்பாங்க, பாத்துட்டு இருக்கட்டும்னு. எங்க ஆளுங்க தினமும் கழுவுவாங்க, தினமும் ஒரு மீன் செத்து மிதக்கும். பேஷண்ட்டு இன்னும் பயந்துட்டாங்க. இதுக்கு வேலை அதிகமா?"

"வேலையே கெடையாதுங்க. ரெண்டு வாரம் ஆளே இல்லாட்டியும் அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள் செல்வமேரி. காலையில் நெஞ்சை அடைத்த அதே வாக்கியம். கஸ்டமருக்கு முன்னால் எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள்.

"என்ன விலைங்க?"

இந்த இடத்தில்தான் விபத்து நடந்தது.

'இது விக்கறதுக்கில்லைங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் செல்வமேரியின் நாக்கில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கொடியில் காய்கிற சேலையைக் காட்டி விலை கேட்டாலும் அவளுக்கு ஒரு எண் வந்துவிடும். சரி, ஆளை விரட்டுகிற மாதிரி ஒரு விலை சொல்வோம் என்று, நல்ல கறவை மாட்டுக்குச் சொல்கிற விலையைச் சொன்னாள்.

பாதியில் ஆரம்பிப்பாள், கடைசிப் படியில் நிற்பாள், இந்தத் தடவை கூப்பிடாமல் விட்டுவிடலாம்.

"சரிங்க" என்றாள் டாக்டர்.

செல்வமேரிக்கு உலகம் ஒரு கணம் நின்றது. பேரம் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். பேசாதவர்களைக் கண்டால் பயம்.

டாக்டர் பையிலிருந்து நோட்டுகளை உருவினாள். "இத அச்சாரமா வெச்சுக்கோங்க. பகோடா பாயிண்ட் பாத்துட்டு சாயங்காலமா வந்து வண்டியில ஏத்திக்கறோம்."

நீட்டிய பணத்தைச் செல்வமேரியின் கை வாங்கியது. கண்ணில் ஒற்றியது. கல்லாவில் போட்டது. கை எல்லாவற்றையும் தானாகச் செய்து முடித்ததற்குப் பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. செவ்வாய்ப்பேட்டைச் சட்டத்தில் அச்சாரம் வாங்கினால் கோவில் முன்னால் சத்தியம் பண்ணின மாதிரி. பிறகு சரக்கு உன்னுடையது அல்ல.

கார் போயிற்று.

போகப் போகிற மருமகளை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று காலையிலிருந்து தவித்தவள், அவள் ஆசையாக வைத்த ஒரே பொருளை விற்றுவிட்டு நின்றாள். இனி ஓசூர் எதற்கு? இதைக் கேட்டாலே போதும், மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள்.

"ஏனுங்க!"

பாக்கியநாதன் வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அச்சாரம் வாங்கிட்டயா?"

"வாங்கிட்டனுங்க."

"மேரி" என்றார் அவர். நீளமாக மூச்சு விட்டார். "என்னிய வித்துப்போடாத விட்டியே, அதுவே பெருசு."

"உங்கள யாரு அந்த வெலைக்குக் கேப்பாங்க?"

அழுகைக்கு நடுவிலும் வாய் மட்டும் குறையவில்லை.

*

ஆன்மேரி திரும்பி வந்தபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. தூறலில் நனைந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தில் வியாபாரம் ஆகாமல் திரும்பின சந்தை வண்டியின் களை. செல்வமேரி அந்தக் களையை நன்றாக அறிவாள். வீட்டைவிட்டுப் போகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"சாப்புடு கண்ணு. கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன்."

"பசிக்கலைங்க அத்தை."

"நான் ஒண்ணு சொன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது."

"மறுபடி ஸ்பாஞ்சக் கழுவிட்டீங்களா?"

"அதவிடப் பெருசு."

ஆன்மேரி எழுந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். மீன் இருந்தது, நத்தை இருந்தது, செடி இருந்தது.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆயிருச்சு சாமி. வித்துட்டேன்."

ஆன்மேரி தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள்.

"என்னது?"

"சேலத்துப் பல் டாக்டரம்மா ஒருத்தி வெலை கேட்டா. நான் தொரத்தறதுக்குத்தான் ஒரு வெலை சொன்னேன் கண்ணு. மாதா சாட்சியா தொரத்தறதுக்குத்தான். அவ சரின்னுட்டா. கை அச்சாரத்த வாங்கிருச்சு. நீ என்னிய என்ன வேணாலும் சொல்லு. ஆனா இதுக்காக ஓசூருக்கு மட்டும் போயிராத. ஒருத்தி போனதே இந்த ஊட்டுக்குப் போதும். அவனக் கூட்டிட்டுப் போயிராத." சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கஸ்டமர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று ஒரு கண் வாசல் மேலேயும் இருந்தது.

ஆன்மேரி தொட்டியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவுக்குங்க அத்தை?"

செல்வமேரி சொன்னாள்.

ஆன்மேரி மறுபடி கேட்டாள். செல்வமேரி மறுபடி சொன்னாள். தப்பு தன்மேல் இருக்கும்போது விலையைக் குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்தான். ஆனால் அது அவள் மதத்துக்கு விரோதம்.

ஆன்மேரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று செல்வமேரி பதறிக் கிட்டே போனாள். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கண்ணீர் வந்து, அதைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

"அத்தை, காலையில இருந்து நான் எங்க போனேன் தெரியுங்களா? ரிசார்ட் ரிசார்ட்டாப் போயி போட்டோ காட்டுனேன். 'உங்க ரிசப்ஷன்ல இப்படித் தொட்டி வெச்சுத் தர்றேன், கவனிக்கற வேலையே இல்ல'ன்னு சொன்னேன். நான் சொன்ன வெலை நீங்க சொன்னதுல கால்வாசி கூட இல்லைங்க. அதுக்கே, 'பாக்கலாம், நம்பரக் குடுத்துட்டுப் போங்க'ன்னாங்க. ஒருத்தரு ரெண்டு மீனு ஓசியாக் கேட்டாரு."

"வெலை கம்மியாச் சொன்னா சரக்குல ஏதோ கோளாறுன்னுதான நெனைப்பாங்க!" என்று தன்னை மறந்து கத்தினாள் செல்வமேரி. பிறகு நிறுத்தினாள். "இரு இரு. நீ எதுக்குத் தொட்டி விக்கப் போன?"

"ஓசூருக்குப் போகாம இருக்கறதுக்குத்தான்."

செல்வமேரி கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கும் போறதுக்கு மனசில்லைங்க அத்தை. இங்க ஒரு சம்பளத்துல ஓடாதுன்னு பயப்படறாரு. 'நான் சம்பாரிக்கறேன், ஒரு தொட்டி வித்துக் காட்டறேன், அதுவரைக்கும் பதில் சொல்லாதீங்க'ன்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்லி, ஒண்ணும் விக்காமப் போச்சுன்னா சங்கடம்னுதான் மறைச்சேன்."

"அப்ப, ஆளே இல்லாட்டியும் இருக்கும்னு சொன்னியே?"

"ரிசார்ட்டுல யாரு அத்தை உக்காந்து மீனக் கவனிப்பாங்க? அவங்களுக்குன்னுதான் அப்படி வெச்சேன். எனக்குத் தொட்டி வெக்கத் தெரியுது. வெலை சொல்லத்தான் தெரியலை."

செல்வமேரியின் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. காலையிலிருந்து தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையை யாரோ பின்னாலிருந்து வாங்கி வைத்த மாதிரி. மருமகளின் ஈரத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிறுக்குப் புள்ள. செவ்வாய்ப்பேட்டைக்காரிய ஊட்டுல வெச்சுட்டு ரோட்டுல போயி வெலை சொல்லியிருக்கற."

மேக்ஸ்வெல்லுக்குப் போன் போட்டார்கள். விலையைச் சொன்னதும், "அம்மா, அந்த டாக்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பிறகு, "சரி. ஓசூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை, மலைச் சிக்னல் பாதி தின்றது போக மிச்சத்தில்கூடச் செல்வமேரியால் கேட்க முடிந்தது.

இனி ஒரே ஒரு சிக்கல். ஆன்மேரி தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"அத்தை, இந்தத் தொட்டியக் குடுக்க முடியாதுங்க. கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கிப் போனா அடி மண்ணு மேல வந்து எல்லாம் சேறாயிரும். இப்பத்தான் நிலைக்கு வந்திருக்குது. அவங்க எடத்துலயே புதுசா வெச்சுத் தர்றேன். ஆனா மீனு விட ஒரு மாசம் ஆகும்."

"அச்சாரம் வாங்குனது இந்தத் தொட்டிக்கு."

"நீங்க பேசுங்க."

செல்வமேரி முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

*

சாயங்காலம் பனி இறங்கும்போது கார் வந்தது. டாக்டர், தொட்டியைச் சுற்றக் கம்பளி எல்லாம் தயாராக எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாக்கியநாதன் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்.

"டாக்டரம்மா" என்று ஆரம்பித்தாள் செல்வமேரி. "இந்தத் தொட்டி விக்கறதுக்கில்லைங்க."

வாழ்க்கையில் முதல் தடவை. சொன்னபோது பல்லெல்லாம் கூசியது.

டாக்டரின் முகம் மாறுவதற்குள் தொடர்ந்தாள். "இது எங்க ஊட்டுச் சாமான். உங்களுக்கு இதவிட ஒசந்ததா, உங்க எடத்துக்கு அளவெடுத்து, எம் மருமகளே நேர்ல வந்து வெச்சுத் தருவா. கடையில இருந்து தூக்கிட்டுப் போறது ரெடிமேடு சட்டைங்க. இது தைச்சுக் குடுக்கறது. அதே வெலைதான். வெலை ஏத்தலை பாருங்க, சொன்ன சொல்லுக்காக!"

ஆன்மேரி தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்தாள்.

"ஒரு மாசம் காத்திருக்கோணுமுங்க" என்றாள். "மொதல்ல மண்ணு, மணலு, செடி. தண்ணி பழகட்டும். கடைசியாத்தான் மீனு. தண்ணி கொஞ்ச நாள் டீ கலர்ல இருக்கும், பயப்படாதீங்க. முக்கியமா, உங்க ஆளுங்க யாரும் கழுவக் கூடாது."

டாக்டர் யோசித்தாள். சிரித்தாள். "நானும் ரூட் கெனாலுக்கு இப்படித்தான் பேஷண்ட்டத் திரும்பத் திரும்ப வரச் சொல்லுவேன். சரிங்க, அச்சாரம் அப்படியே இருக்கட்டும்."

கடைக்குள் ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. அது மூன்று பேருடையது.

டாக்டர் காப்பியைக் குடித்துக்கொண்டே, "உங்ககிட்டப் பேரம் பேசறதுக்கு நான் பாடமே படிச்சிட்டு வந்தேங்க" என்றாள். "பாதியில ஆரம்பிங்க, கடைசிப் படியில நில்லுங்க, திரும்பிப் பாக்காதீங்க, தானாக் கூப்புடுவாங்கன்னு எங்க ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு சொல்லித்தான் அனுப்பிச்சுது. 'சரக்கு சுத்தமா இருக்கும் மேடம், ஏற்காட்டுல அங்கதான் வாங்கோணும்'னு..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவளின் கண், மாதா படத்துக்குக் கீழே போய் நின்றது. அந்தப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவளைப் பார்த்தாள். செல்வமேரியைப் பார்த்தாள். கையில் டம்ளர் நின்றுவிட்டது.

"அடடா" என்றாள் மெதுவாக. "அனுப்பிச்சது யாருன்னு சொல்ல வேண்டாம்னு சொல்லுச்சு. ஏன்னு இப்பத்தான் புரியுது."

ஆன்மேரி மாமனாரைப் பார்த்தாள். செல்வமேரி யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய கள்ளிச் செடிக்காரி, பேரத்தின் கடைசிப் படி வரை எதையும் மறக்காமல் வைத்திருக்கிறாள். ஒரு ஆளை அந்தப் படியில் கொண்டுவந்து நிறுத்தியும் இருக்கிறாள். கூப்பிடட்டும் என்று திரும்பிப் பார்க்காமல் நின்றது டாக்டர் மட்டும்தானா?

"டாக்டரம்மா" என்றாள். "நல்லா... சிரிச்சுட்டு இருக்குதுங்களா அந்தப் புள்ளை?"

"கிளினிக்லயே நல்ல பல்வரிசை அதுக்குத்தாங்க. மறைச்சு வெக்கவே தெரியாது."

பாக்கியநாதன் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் போன இந்த இரண்டு வருஷத்தில் இந்த மாதிரி இடங்களில் எல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போதும் தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். அங்கே நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ரிசப்ஷன் மேஜை என்ன அகலமுங்க?"

டாக்டர் கையை விரித்துக் காட்டினாள்.

"மேஜைக்கு எதிர்ல தொட்டி வெச்சா, உக்காந்திருக்கறவங்களுக்கு நேராத் தெரியுங்களா?"

"நாள் பூராத் தெரியுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் டிரம்மின் மூடியைத் திறக்கிற சத்தமும், இன்னொரு பெரிய காப்பிக் கட்டை தண்ணீரில் விழுகிற சத்தமும் கேட்டன. இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஆனு! கட்டை மூழ்கறதுக்கு எப்படியும் ரெண்டு வாரமாகும். அதுக்குள்ள யாரும் கெளம்பீர வேண்டாம். இத நான்தான் தூக்கிட்டு வருவேன்."